மருந்து என்றொரு சொல்

மலையகத் தோட்டங்களில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து; தேயிலை மலையில் புல்லைக் கருக்குவதற்கு அடிப்பதும் மருந்து. பத்திரிகைப் பணியின் நிமித்தம் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளுக்குப் பல தடவைகள் சென்றிருக்கிறேன். முதுகில் தாங்கியைச் சுமந்துகொண்டு, முகக்கவசமின்றி மருந்தடிக்கும் தொழிலாளர்களிடம் அதுபற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மருந்துதானுங்களே ஐயா, பழகிப்போச்சு."

பழகிப்போவது மனம். உடலின் கலங்களும் பழகிவிடுகின்றனவா என்பதே கேள்வி.

விந்தை என்னவென்றால், ஆய்வுகூடத்தில் இந்த இரண்டு மருந்துகளும் ஒரே வாசலால்தான் நுழைகின்றன. அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1973 இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானாக ஆக்கமுடியாத சல்மனெல்லா பற்றீரியாவை அவர் எடுத்துக்கொண்டார். அந்த அமிலம் ஊட்டப்படாவிட்டால் அது பெருகாது. ஆனால் சோதிக்கப்படும் இரசாயனம் அதன் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கினால், சில கிருமிகள் இழந்த ஆற்றலை மீளப்பெற்றுத் திட்டுத் திட்டாக வளரும். அத்திட்டுக்களை எண்ணினால் போதும். இன்று மனித ஈரல் கலங்களையே வளர்த்து, புதிய மருந்துகளையும் களைநாசினிகளையும் அவற்றில் இட்டுப் பார்க்கிறார்கள்.

உயிருள்ள கலத்துக்கு இயந்திரத்திடம் இல்லாத ஒரு திறமை உண்டு. எதைத் தேடும்படி சொல்கிறோமோ அதைத்தான் இயந்திரம் அளக்கும். கலமோ, தன்னைத் துன்புறுத்துவது எதுவாயினும் அதைக் காட்டிக்கொடுக்கும். கிளைபோசேட் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். தனிக் கிளைபோசேட்டை விட, கடையில் விற்கப்படும் கலவை கலங்களை அதிகம் பாதிப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. இலையில் மருந்து ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் துணைப்பொருளே அதற்கு முக்கிய காரணம். அவ்வகையான ஒரு துணைப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் தடைசெய்தது.

இலங்கை 2015 இல் கிளைபோசேட்டைத் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதித்தது. 2022 இல் கட்டுப்பாட்டை நீக்கியது. தடை நிலவிய காலத்தில் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைநாசினியின் எச்சம் தொடர்பில் ஜப்பானியச் சந்தையில் சிக்கல் எழுந்தது. தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத இரசாயனங்களுக்கு ஜப்பான் விதித்துள்ள பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. தோட்டத் துறை முழுவதும் பதறியது. பதறியதில் தவறில்லை. ஆனால், கோப்பையில் அவ்வளவு சிறு அளவைத் தேடிய நாம், தாங்கியைச் சுமந்தவரின் உடலில் என்ன தேடினோம்?

தேடுவதற்கு வழி இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினால் சில ஆயிரம் கலங்கள் கிடைக்கும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, கருவுக்கு வெளியே சிறு துணுக்குகள் கிடந்தால், பிரிவடைந்த வேளையில் அக்கலத்தின் நிறமூர்த்தங்கள் சேதமுற்றன என்று பொருள். பல நாடுகளில் மருந்தடிக்கும் விவசாயிகளிடம் இந்தச் சோதனை செய்யப்பட்டிருக்கிறது. இது நோயைச் சொல்லும் சோதனையன்று. நோய்க்கு முன்னே வரும் எச்சரிக்கை. வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கமும் இதே அடையாளங்களை உண்டாக்கலாம் என்பதால், தோட்டங்களில் அதனையும் கேட்டறிந்து, மருந்தடிக்காதவர்களோடு ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டது. செடிக்கு வரும் நோயை ஆராய அங்கே நூறாண்டு அனுபவம் உண்டு. மலையிறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவ பீடமும் இருக்கின்றன. மருந்தடிப்போருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை இச்சோதனையைச் செய்து, முடிவை அவர்களது மொழியிலேயே அவர்களுக்குச் சொல்வது இயலாத காரியமன்று. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதனையும் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும்.