இஞ்சி பீரும் எலுமிச்சம்பழமும்

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்திலே வீட்டில் இஞ்சி பீர் செய்யப் புகுந்தோரை முதன்முதல் கலங்க வைப்பது குமிழிதான். இஞ்சிச் சாறும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் வாளியில் இட்டு, மூடியைத் துளைத்து, மீன் தொட்டிக் கடையில் வாங்கிய மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நீர்ப் போத்தலில் அமிழ்த்திவிட்டால் கருவி முடிந்தது. மறுநாள் அப்போத்தலில் ஒரு குமிழியும் எழாவிடின் வீடே சோர்ந்துவிடுகிறது. கண்ணூறு என்பார் ஒருவர். தீட்டுக் கை பட்டிருக்கும் என்று மற்றொருவர் வீட்டுப் பெண்கள்மேல் பழி போடுவார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வாளியின் காதிலே தொங்கவிட்ட காட்சியையும் நாம் கண்டதுண்டு. அப்பழத்தை உள்ளே பிழிந்திருந்தால் சுவையாவது கூடியிருக்கும்!

மூடியைத் திறந்து பார்த்தாலோ நுரை திரண்டு கிடக்கும். வாயு குழாய் வழியே செல்லாமல் மூடியின் ஓரத்தால் நழுவியிருக்கிறது, அவ்வளவே. சவர்க்கார நீரை ஓரத்தில் தடவுக. ஒழுக்குள்ள இடம் தானே நுரைத்துக் காட்டும். நல்ல ரப்பர் வளையம் ஒன்று பொருத்தினால் கண்ணூறும் தீட்டும் ஒருங்கே கழிகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே சர்க்கரையைச் சாராயமும் கரியமில வாயுவுமாக ஆக்குகிறது என்பதைக் காட்டிய பாஸ்டர், 1876இல் பீரைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இஞ்சி பீரை ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர், அதனுள் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூடி வாழ்வதை 1892இல் விளக்கினார். எவர் கை தொட்டது என்பதை அவ்வுயிர்கள் கேட்பதில்லை. கை கழுவப்பட்டதா என்பதே கேள்வி.

ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மனோர்க்கு இன்னொரு மூடநம்பிக்கை உண்டு; அஃது அச்சிட்ட ஆங்கிலம். வாளியை அடுப்பருகே வெப்பமான இடத்தில் வைக்க என்று சீமை நூல் சொன்னால் அப்படியே வைத்துவிடுகிறோம். அது பனி நாட்டார்க்குச் சொன்னது. 30 பாகை வெயிலில் ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல் வேலை செய்து சுவையைக் கெடுக்கும். நீர்த் தாம்பாளத்தில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றலாம். ஆனால் மதுரைக் காற்றில் குளிர்வதுபோல் நம் ஈரக் காற்றில் குளிராது. உறைநீர்க் கட்டி இரண்டு போடுவதே வழி.

உயிருக்கு ஆபத்து போத்தலில் இருக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை மீந்திருக்க அடைத்தால், ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட வாயு அதற்குள் பிறக்கும். சதுரமான சாஸ் போத்தல் இதைத் தாங்காது. வெடித்தால் குழந்தையின் கண் போகும். சோடாப் பானம் வந்த பிளாஸ்டிக் போத்தலே சிறந்தது. கையால் அமுக்கிப் பார்த்து, கல்போல் இறுகியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அவ்வாறு இரண்டொரு நாளில் நிறுத்தினால் சாராயச் சத்தும் சொற்பமே. அதற்கு மேல் மது செய்ய விரும்புவோர், 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் உரிமம் கேட்கிறது என்பதை நினைவிற் கொள்க.

துத்தநாகம் பூசிய வாளி ஆகவே ஆகாது. புளிப்பு அப்பூச்சைக் கரைக்கும், குடித்தவர் வாந்தியெடுப்பர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய மோட்டார் ரேடியேட்டரைக் கொண்டு திருட்டுச் சாராயம் வடித்தவர்கள், அதன் பற்றாசிலிருந்த ஈயத்தையும் சேர்த்தே குடித்தார்கள்.

நம் தோட்டங்களில் இத்தகைய சங்கதி வேடிக்கையன்று. 1947இல் கெடாவின் பீடோங் பக்கத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து அடிபட்டனர். கள் குறைந்த இடத்தில் சம்சு புகுந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது 30 பேருக்கு மேல் கொன்றது. இஞ்சி பீர்ப் போத்தலை நீட்டும்போது லயத்துக் கிழவியர் மோந்து பார்த்து, யார் செய்தது, எதில் செய்தது, தம்பி என்று கேட்கிறார்கள். வாளியைக் கொண்டுவந்து காட்டிய பின்பே வாங்கிக்கொள்கிறார்கள்.