யானை இல்லாத மலைநாட்டில்

சென்ற விடுமுறையில் எம் மாணவர் பன்னிருவருடன் அட்டனிற் புகைவண்டியேறி நானுஓயாவில் இறங்கினோம். நுவரெலியா செல்வோர் கிரகரி வாவியையும் குதிரைப் பந்தயத் திடலையும் கண்டு திரும்புவதே வழக்கம். நாம் காணச் சென்றதோ ஒரு கல்லறை. கொல்ப் மைதானத்தின் அருகே பாசி படர்ந்து கிடக்கின்றது அது. பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் அங்கே உறங்குகின்றார். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கும் மேல் என எழுதி வைத்துள்ளனர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்பர் ஊரார். தெய்வ தண்டனை என்பது அவர்கள் தீர்ப்பு. நாம் அதிற் தலையிடவில்லை.

றொஜர்ஸ் ஒருவரையே பழிப்பதும் முறையன்று. யானையைக் கொன்றோர்க்கு அரசினரே சன்மானம் அளித்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கும் மேற்பட்ட யானைகள் இவ்வாறு அழிந்தன.

"இந்தக் குளிரிலுமா யானை இருந்தது, ஐயா?" என்றான் ஒரு மாணவன்.

இருந்தது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்ற சாமுவேல் பேக்கர் இவ்வூரிற் குடியிருந்து வேட்டையாடியவர்தாம். ஹோட்டன் சமவெளியிலும் யானைகள் திரிந்தன. இன்று அங்கே மரைகளையே காண்கிறோம். துப்பாக்கி தொடங்கியதைக் கோடரி முடித்தது. முதலிற் கோப்பி, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட பின் தேயிலை. துரைமார் ஆணையிட, காட்டை வெட்டியவர் யார்? எம் மாணவர் பலரின் பாட்டன் பூட்டன்மாரே. மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சலுக்கும் காட்டு விலங்குக்கும் பலரைப் பலி கொடுத்து, மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். யானைக்கு அஞ்சி இரவெல்லாம் தீ மூட்டி விழித்திருந்த கதையைத் தன் அப்பாயி சொல்லக் கேட்டதாக ஒரு மாணவி கூறினாள்.

இன்று அந்த அச்சம் உலர் வலயத்து உழவரிடம் சென்றுவிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. அவை உலவும் நிலத்தில் ஏறக்குறைய 70 வீதத்தில் மக்களும் வாழ்கின்றனர் என்பது கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழுவினரின் ஆய்வு முடிவு. 2023இல் 470க்கு மேற்பட்ட யானைகளும் 170க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். காட்டின் எல்லையில் மின்வேலி அமைத்தால் வேலிக்கு இருபுறமும் யானை நிற்கின்றது! ஆகவே கல்கமுவைப் பக்கத்தில், வயலைச் சுற்றி உழவரே வேலியிடுகின்றனர். விதைப்புக் காலத்தில் அமைத்து, அறுவடை முடிந்ததும் கழற்றி விடுகின்றனர். பின்னர் வயலின் தாள் யானைக்கு.

எமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் தமிழ்நாட்டு ஆனைமலையின் வால்பாறை. அங்கும் தேயிலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர், ஆயினும் யானைகள் தேயிலைக்கிடையே இன்றும் நடமாடுகின்றன. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்த குமாரும் தோழரும் பல்லாண்டு அவற்றைப் பின்தொடர்ந்தனர். இறந்தோரிற் பெரும்பாலார் யானை நிற்பதை அறியாது அதன் முன்னே சென்றவர்கள் எனக் கண்டனர். மனிதருக்குத் தேவைப்பட்டது செய்தி! யானை எங்கே நிற்கின்றதென மாலையிற் தொலைக்காட்சியில் அறிவித்தனர். பின்னர் கைத்தொலைபேசிக்கும் செய்தி அனுப்பினர். மேடான இடங்களில் வைத்த சிவப்பு விளக்கைத் தோட்டத்தாரே தம் தொலைபேசியால் ஏற்றுகின்றனர். அது கண்டால் அவ்வழி எவரும் போகார். உயிரிழப்புகள் குறைந்தன. 2015இல் இப்பணிக்கு விட்லி விருது கிடைத்தது.

"நமக்கு இனி அந்த விளக்கு வேண்டாம், யானைதான் இல்லையே" என்றான் முன்பு வினவிய மாணவன்.

யானை போயிற்று, சிறுத்தை போகவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாட்களில் இறந்ததை அவர்களுக்கு நினைவூட்டினோம். காட்டுப் பன்றிக்கு வைக்கும் சுருக்கிற் சிறுத்தையும் விழுகின்றது.

திரும்பும் வண்டியிற் பேச்சு அடங்கியிருந்தது. தலவாக்கலை கடந்ததும், அப்பாயி கதை சொன்ன மாணவி எம் அருகே வந்து அமர்ந்தாள்.

"எங்கள் லயத்து மரக்கறிப் பாத்தியிலும் ஒரு கம்பி இருக்கிறது, ஐயா. அப்பா வைத்தது" என்றாள். சிறிது பொறுத்து, "கழற்றினால் பன்றி உருளைக்கிழங்கை விடுமா?" என்று கேட்டாள்.

விடாது என்றே நாம் சொல்ல வேண்டியிருந்தது. பாத்தியைச் சுற்றி மூங்கில் வேலி போட எத்தனை பேர் வேண்டும் என்று அட்டன் வரும்வரை கணக்கிட்டோம்.