தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் ஒரு செம்பருத்தி வேலி

கேள்வி பதில் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். "வாசலில் நிற்கும் செம்பருத்தி ஓட்டுக் கூரைக்கு மேலே போய்விட்டது. பூவெல்லாம் உச்சியில்தான் பூக்கிறது, எட்டிப் பறிக்க முடியவில்லை. எந்த மாதம், எவ்வளவு வெட்டலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கடிதம் பையில் இருந்தபோதே கோபிசெட்டிபாளையம் பக்கம் போகும் வேலை வந்தது. அங்கே வாய்க்கால் ஓரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு செம்பருத்தி வேலி உண்டு. பல வருடமாக நான் தள்ளிப்போட்டு வந்த ஒரு பேச்சும் அங்கே பாக்கி இருந்தது.

மாசி மாதக் கடைசி. சத்தியமங்கலத்தில் பஸ் ஏறினேன். பவானி ஆற்றின் குறுக்கே உள்ள கொடிவேரி அணையில் இருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. வழியெல்லாம் தென்னை, வாழை, அறுவடை முடிந்த நெல் வயல். ஒரு களத்தில் மஞ்சள் வெந்துகொண்டிருந்தது, அந்த வாசம் பஸ்ஸுக்குள்ளும் வந்தது. ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் கரையிலேயே நடந்தேன்.

வேலியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரே சீராக வெட்டியிருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் விரல் நீளத்துக்குத் தளிர்.

"ஆத்தா, எப்ப வெட்டுனீங்க?"

"வா கண்ணு. தை நோம்பி முடிஞ்சு, பனி கொறஞ்சதும் வெட்டுனது. சித்திரையில வா, மாரியம்மனுக்குக் கூடை கூடையாப் போகும்."

ஆத்தாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அவர் சொன்ன காலம்தான் சரியான காலம். செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் புதுத் தளிர் உச்சியில் மட்டுமே வரும், பூவும் அங்கேயே போய்விடும். வாசகியின் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான். பனி விலகி வெயில் ஏறும்போது வெட்டினால் செடி சட்டென்று துளிர்க்கும். எட்டு, பத்து வாரத்தில் பூ கைக்கு எட்டும் உயரத்தில் வரும்.

வேலியைச் சுற்றி நடந்தபடியே ஆத்தா அந்த வேலியின் ஒரு வருடக் கணக்கைச் சொன்னார். அதோடு எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து மாத வாரியாகத் தருகிறேன்.

தை கடைசி, மாசி: இதுதான் பெரிய வெட்டு. செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கலாம். பல வருடம் கத்தி படாத செடி என்றால் ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம். இந்த வருடம் பாதிக் கிளைகள், அடுத்த வருடம் மீதி. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். கிளை பிளக்கக்கூடாது, அதனால் அரிவாளைவிடக் கவாத்துக் கத்தரி நல்லது. கட்டை விரலை விடத் தடித்த கிளையை வெட்டினால், வெட்டு வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். பிறகு தூருக்கு இரண்டு கூடை மட்கிய தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

பங்குனி: தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியை மட்டும் கிள்ள வேண்டும். ஒரு தளிர் இரண்டு, மூன்றாகப் பிரியும். பூவும் அந்தக் கணக்கில் கூடும்.

சித்திரை, வைகாசி: கத்தியை எடுக்க வேண்டாம். கொளுத்தும் வெயிலில் வெட்டினால் இளங்குச்சி காய்ந்துவிடும். தூரில் சருகு மூடாக்குப் போட்டால் போதும்.

ஆடி: காற்றில் முறிந்த கிளைகளை மட்டும் எடுங்கள். மழை ஈரம் கிடைத்தால், பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சிகளை நிழலில் நட்டு வேர் பிடிக்க வைக்கலாம்.

புரட்டாசி: மழைக்கு முன், உள்பக்கம் நெருக்கமாக வளர்ந்த கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிய வெட்டுப் போட்டால் வெட்டு வாயில் தண்ணீர் நின்று அழுகும்.

மார்கழி: பனியில் செடியை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

வாசகியின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது அவர் கேட்காதது.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்டறியப்பட்டது. அடுத்த வருடம் இந்தப் பகுதிக்கும் வந்தது. பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று கண்டதில் எல்லாம் ஏறியது. ஆத்தாவின் வேலி வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் ஆகியிருந்தது. அப்போது இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த நான், "முழங்கால் உயரத்துக்கு வெட்டி அப்புறப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். எங்கே அப்புறப்படுத்துவது என்று சொல்லவில்லை.

ஆத்தா வீட்டில் வெட்டிய கிளைகளை வாய்க்கால் கரையில் குவித்துவிட்டார்கள். பாதி தண்ணீரிலும் விழுந்தது. மாவுப்பூச்சியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்று, தண்ணீர், எறும்பு, நம் உடுப்பு என்று எதில் வேண்டுமானாலும் தொற்றிக்கொண்டு போகும். கீழ்மடையில் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி இருந்தது. சில வாரங்களில் அதிலும் பூச்சி ஏறியது. மல்பெரியில் நினைத்தபடி மருந்து அடிக்க முடியாது, அந்த இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். அவர் தோட்டத்தையே தோண்டி எடுத்தார். புழு வளர்ப்பு மனையில் இப்போது மாட்டுத் தீவனம் கிடக்கிறது. "உங்க வேலியிலிருந்துதான் வந்துச்சு" என்று அவர் சொல்ல, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. நான் மாறுதலில் போய்விட்டேன்.

2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி அதற்கு அடங்கியது. ஆனால் தோண்டிப்போட்ட மல்பெரி போனது போனதுதான்.

ஆத்தா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "வெட்டச் சொன்னது நானுங்க. எங்கே போடறதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான். ஆத்தா மேலே தப்பில்லீங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலியிலிருந்து வந்துச்சோ காத்துல வந்துச்சோ, யாருங்க கண்டா? அந்த வருசம் எல்லார் காட்டுலயும்தான் இருந்துச்சு. ஆனா நீங்க அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமுங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

திரும்பும்போது ஆத்தா வீட்டுப் பின்புறம் ஒரு குழியைக் காட்டினார். மூன்றடி ஆழம். வெட்டிய குச்சி ஒன்றுகூட வாய்க்கால் பக்கம் போவதில்லை. பூச்சி இருந்தால் அங்கேயே எரித்து மண் மூடிவிடுகிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

எனவே வாசகிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றில் இருக்கும் மாவுப்பூச்சி இன்னொன்றுக்குப் போகும். வெட்டும் முன் இலை அடியையும் கணு இடுக்கையும் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் கிளையை உதறாமல் சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துப்போய் எரியுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். கத்தரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். வாய்க்காலிலும் பொது வழியிலும் போடாதீர்கள். பூச்சி இல்லாத குச்சிகளை மட்டும் உரக்குழியில் சேர்க்கலாம்.

உங்கள் செடியை அடுத்த தை கடைசியில் வெட்டுங்கள். குழியை அதற்கு முன்பே வெட்டி வைத்துவிடுங்கள்.