ஒக்ஸ்போர்ட் சென்ற ஆழ்வார்

பண்டைய எகிப்து தேசத்தில் பூசகர்களின் உருவங்களை வெண்கலத்தில் வார்த்துக் கோயிலில் வைக்கும் வழக்கம் இருந்தது. பூசகர் மறைந்த பின்னும் அவ்வுருவம் தெய்வத்தின் முன்னே நின்று தொண்டு செய்யும், படையலில் பங்கு பெறும் என்பது நம்பிக்கை. 6ஆம் நூற்றாண்டில் பிலே தீவுக் கோயிலும் மூடப்பட்டது. அவ்வழிபாடு மறைந்தது. ஆகவே அத்தகைய பூசகர் உருவம் ஒன்று இன்று நூதனசாலையில் நிற்பதனால் எந்தத் திருவிழாவும் தடைப்படுவதில்லை.

தமிழகத்து அடியார்களின் செப்புத் திருமேனிகளின் நிலை அப்படியன்று. அவற்றுக்கு இன்றும் கடமையுண்டு.

திருமங்கையாழ்வாரையே எடுத்துக்கொள்வோம். திருக்குறையலூரில் பிறந்த இவர் குறுநில மன்னராய் விளங்கியவர். அடியார்களுக்கு அன்னமிடக் கைப்பொருள் தீர்ந்தபோது வழிப்பறியில் இறங்கினார். மணக்கோலத்தில் வந்த பெருமாளையே வழிமறித்து, அவரிடமே திருமந்திர உபதேசம் பெற்றார் என்பது வைணவ மரபு. அதனாற்றான் இவரது திருவுருவம் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கிறது. திருவரங்கத்தில் வேடுபரி உற்சவத்திலும், தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் நடைபெறும் பதினொரு கருட சேவையிலும் ஆழ்வார் எழுந்தருள வேண்டும். அவர் வராவிட்டால் உற்சவம் நிறைவு பெறாது.

அடியார்களுக்காகக் கொள்ளையிட்ட அந்த ஆழ்வாரையே ஓர் ஊரிலிருந்து கள்வர் கொண்டு போயினர். கும்பகோணத்துக்கு அருகே சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரிலுள்ள சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் இருந்தது, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆழ்வார் திருமேனி. 1967ஆம் ஆண்டு லண்டன் சொதபீஸ் ஏலத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் நூதனசாலை அதனை நல்லெண்ணத்துடனேயே வாங்கியது.

உண்மையை வெளிப்படுத்தியது ஒரேயொரு புகைப்படம். 1957இல் அத்திருமேனி ஆலயத்தில் இருந்ததைக் காட்டும் படம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. ஆய்வாளர் ஒருவர் அதனைக் கண்டறிய, 2019 டிசம்பரில் நூதனசாலையே இந்திய உயர் ஸ்தானிகராலயத்துக்குத் தெரிவித்தது. அடுத்த ஆண்டு இந்தியா முறைப்படி உரிமை கோரியது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அக்கோரிக்கையை ஆதரித்தது.

கனடாவும் இத்தகைய விவகாரத்துக்குப் புதிதன்று. அல்பேர்ட்டா மாகாண நிறுவனமொன்று 1982இல் வாங்கிய பத்தூர் நடராஜர் திருமேனிக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கோயிலின் உரிமையே மேலானது எனத் தீர்ப்பாகி, 1991இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

மொன்றியலில் வாழும் அன்பர்கள் பலரது வீடுகளில் ஊர்க் கோயில் தேர்த்திருவிழா, கும்பாபிஷேகப் படங்கள் அலுமாரிக்குள் கிடக்கின்றன. ஈழத்தில் போர்க்காலத்தில் கோயில்கள் பல தம் விக்கிரகங்களையும் ஆவணங்களையும் இழந்துவிட்டன. அப்படங்களின் பின்புறத்தில் ஊர், கோயில், மூர்த்தியின் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதி, ஒரு பிரதியைக் கோயிலுக்கு அனுப்புவது பெருந்தொண்டாகும். ஊருக்குப் பணம் அனுப்புவோர் பலர். இதற்கு ஒரு பேனாவும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.