ஆற்றுக்குப் போன கடற்காரன்

1986இல் எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்து டொலர் அளவுக்கு விழுந்தது. மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்குக் குழாயும் துளைச்சேறும் குடிதண்ணீரும் சுமந்த போட்டுகள், லூசியானாவின் மோர்கன் சிற்றியில் வரிசையாகக் கட்டுண்டு சும்மா கிடந்தன. வேலை போன எங்களில் சிலர் மிசிசிப்பி ஆற்றுக்கு மாறினோம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையானுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊர்க் கப்பல் 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய்விரித்துப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்துக்கென்று இருப்பது வழுக்கியாறு ஒன்று. அதுவும் மாரியில் மட்டும் ஓடும்.

மிசிசிப்பியில் டோபோட் என்ற உந்துபடகு பின்னால் நின்று, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகுகளைத் தள்ளும். ஒரு பார்ஜ் 195 அடி நீளம். 1,500 தொன் சரக்கு ஏறும். சென் லூயிசுக்குக் கீழே நீர்மட்டம் மாற்றும் லொக் கிடையாது என்பதால் முப்பது, நாற்பது பார்ஜுகளைக் கம்பிவடம் போட்டு, ரச்செட்டால் முறுக்கி ஒன்றாக்கிவிடுவோம். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. எந்நேரமும் இரு பக்கமும் கரை. கோப்பி சிந்தாத மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேடையின் கிரேன் தலைக்கு மேல் ஆட, பின்தளத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கொழுக்கி மாட்டிய நாட்கள்தான் கனவில் வந்தன.

இரவில் வீல்ஹவுஸுக்குக் கோப்பி கொண்டுபோவேன். ரேடார் இருந்தும் கிழட்டுப் பைலட் தேடுவிளக்கை வீசி, நீரின் சுழிப்பைப் பார்த்தே மணல்திட்டு இருக்குமிடம் சொல்வார். வெள்ளம் வடிந்தால் திட்டு நகர்ந்திருக்கும். போன மாதத்து வழி இந்த மாதம் உதவாது. எதிரே வருபவனிடம் ரேடியோவில் 'ஒரு விசில்' என்பார். இடப்பக்கம் இடப்பக்கமாகக் கடப்போம் என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு.

ஆழ்கடல் எண்ணெய் சூடுபிடித்ததும் மறுபடி வளைகுடாவுக்கே போனேன், போர்ட் ஃபோர்ஷோனுக்கு. போட்டுகள் பெருத்திருந்தன. முன்பு கப்டன் பின்பக்கமாகப் போட்டை நெருக்க, நாங்கள் மேடையோடு கயிறு கட்டுவோம். இப்போது கணினியே உந்திகளை இயக்கிப் போட்டை நிறுத்திவைத்தது. நல்ல காரியம்தான், அந்தக் கயிற்றில் விரலைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தக் கடலை நினைத்து ஆற்றில் பட்டினி கிடந்தேனோ, அந்தக் கடல் அங்கே இல்லை. படுத்தால் ஆறுதான் நினைவுக்கு வந்தது. கேய்ரோவில் ஒஹாயோ ஆறு வேறு நிறத்தில் வந்து மிசிசிப்பியோடு கலக்கும் இடம், ஞாயிற்றுக்கிழமைகளில் சமையற்காரி பொரித்துவைக்கும் கெளுத்தி மீன். அதை வாயில் வைக்காமல் விட்டதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.