இது ஃப்ரிட்ஜா, போட்டோவா?

கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிற ரகமா நீங்கள்? இந்த வாரம் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். இதில் ஒரு ஃப்ரிட்ஜ் வருகிறது, தடுப்பூசி வருகிறது, நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. அடுத்தவன் தப்பைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டே!

2007-ம் வருடம். தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுக்கு ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடானால் வீரியம் குறையும். சில வகைகள் உறைந்தாலும் வீண். கெட்டுப்போனது பெரும்பாலும் பார்ப்பதற்கு நல்லது மாதிரியே இருக்கும் என்பதுதான் விபரீதம். அதனால்தான் பெட்டி. உள்ளே ஒரு சின்ன ப்ராசஸர், அதில் லினக்ஸ். ஃப்ரிட்ஜுக்குள் எல்.எம்.75 என்கிற வெப்பநிலை சென்சார். அரை டிகிரிப் படிகளில் அளக்கும். இரண்டையும் இணைப்பது ஐ-ஸ்கொயர்-சி என்கிற பஸ். அந்த பஸ்ஸுக்கு டிரைவர் நான்.

ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் இல்லை. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதற்கு உலகத்தில் உள்ள அத்தனை சில்லுகளின் குணமும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்த துபாஷிதான் டிவைஸ் டிரைவர்.

இந்த பஸ்ஸை 1982-ல் பிலிப்ஸ் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். டி.வி. பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆளுக்கொரு வயர்க் கத்தை இழுத்து மாளவில்லை. இரண்டே வயரில் முடித்துவிட்டார்கள். ஒன்று தாளம் போடும் க்ளாக் வயர், இன்னொன்று சேதி போகும் டேட்டா வயர். உங்கள் செல்போனுக்குள்ளும் இது இருக்க நிறைய வாய்ப்புண்டு.

எப்படி வேலை செய்கிறது? பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ்தான். கன்ட்ரோலர் என்கிற வாத்தியார் ஒரு நம்பரைக் கூப்பிடுவார். எங்கள் சென்சாருக்கு 72. அந்த நம்பர்க்காரர் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். எட்டு பிட் போனதும் ஒன்பதாவது தாளத்தில், கேட்டுக்கொண்டவர் டேட்டா வயரைக் கீழே இழுப்பார். அதுதான் உள்ளேன் ஐயா.

கீழே இழுப்பார் என்றேன், கவனித்தீர்களா? பழைய டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிறு ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதி. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், விட்டால் தானாக மேலே போய்விடும். மேலே இழுத்து வைக்க ஒரு ரெசிஸ்டர் போதும். சிக்கனமான ஏற்பாடு. ஒரே சங்கடம், எவனாவது கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருந்தால் வேறு யாரும் மணியடிக்க முடியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னல் என்னிடம் கேட்டதென்னவோ சுலபமான வேலைதான். "இந்தச் சேதிகளைக் கொண்டுபோய்க் கொடு. எத்தனை கொடுத்தாய் என்று சொல். முடியவில்லை என்றால் ஏன் என்று சொல்." ஏன் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. கூப்பிட்ட நம்பரில் ஆளில்லை என்றால் மைனஸ் 6. நேரம் கடந்துவிட்டது என்றால் மைனஸ் 110.

சென்சாரிலிருந்து ஒரு தடவை வெப்பநிலையைப் படிக்க, நொடிக்கு ஒரு லட்சம் தாளம் என்கிற வேகத்தில், ஏறக்குறைய 270 மைக்ரோ செகண்ட் ஆகும். ப்ராசஸருக்கு அது ஒரு யுகம். அதனால் டிரைவர் கன்ட்ரோலரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகும். முடிந்ததும் கன்ட்ரோலர் இன்டரப்ட் என்று ஒரு தட்டு தட்டி எழுப்பும். ஒரு செகண்டுக்குள் எழுப்பவில்லை என்றால் எங்கேயோ கோளாறு. இப்படித் தூங்குவதற்குக் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் உண்டு. பெயர் வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் டைம் அவுட்.

தப்பு அங்கேதான். கெர்னலில் பெரும்பாலான இடங்களில் திரும்பி வரும் விடை சைபர் என்றால் வெற்றி, மைனஸ் என்றால் தோல்வி. இந்த ஃபங்ஷனுக்கோ தலைகீழ் வழக்கம். மிச்சமிருக்கும் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும். சைபர் என்றால் மிச்சமே இல்லை, நேரம் போச்சு என்று அர்த்தம். மைனஸ் வரவே வராது. நானோ பழக்க தோஷத்தில், 'மைனஸ் வந்தால் கோளாறு' என்று எழுதிவைத்தேன். ஆக என் டிரைவருக்குக் கோளாறு என்பதே கிடையாது! தூங்கி எழுந்து, யாரும் எழுப்பாவிட்டாலும், பஃபரில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். பஃபரில் இருப்பது போன தடவை படித்த எண்.

மேஜை மேல் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. நிஜ ஃப்ரிட்ஜில் மாட்டினோம். ஸ்கிரீனில் 4.5 டிகிரி. காலையில் 4.5. மத்தியானமும் 4.5. எனக்கு ஒரே பெருமை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், இது ஃப்ரிட்ஜா, போட்டோவா?"

"என்னண்ணே?"

"கம்ப்ரஸர் ஓடினா இறங்கும், நின்னா ஏறும். காலைலேர்ந்து நாலரைலயே நிக்குதே?"

"எர்ரர் ஒண்ணும் வரலையேண்ணே" என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை. இப்போது இருக்கிறது.

அவர் பதில் பேசவில்லை. கதவைத் திறந்து வைத்தார். ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தார். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். தெர்மாமீட்டரில் 13. என் ஸ்கிரீனில் 4.5.

நல்ல வேளை, உள்ளே மருந்து இல்லை. தண்ணீர் பாட்டில்கள்தான்.

ஆஸிலாஸ்கோப்பைக் கொண்டுவந்து மாட்டினால் க்ளாக் வயர் மேலே, டேட்டா வயர் கீழே, இரண்டும் அசையாமல் நிற்கின்றன. கயிற்றில் யாரோ தொங்குகிறார்கள். நடந்தது இதுதான். கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும் கணத்தில் வயரில் ஒரு துடிப்பு. எங்கள் வயர் வேறு இரண்டு மீட்டர் நீளம். போர்டுக்குள் பேசிக்கொள்ளப் பிறந்த பஸ்ஸை வீதிக்கு இழுத்துவிட்டிருந்தோம். அந்தத் துடிப்பில் சென்சாருக்குத் தாளக் கணக்கு தப்பிவிட்டது. கன்ட்ரோலர் முடிந்தது என்று நினைக்கிறது, சென்சாரோ அடுத்த தாளத்துக்காக, ஒரு சைபர் பிட்டைப் பிடித்தபடி காத்திருக்கிறது. இது காத்திருக்க, அது காத்திருக்க, நடுவில் என் டிரைவர் "எல்லாம் சௌக்கியம்" என்று கடுதாசி போட்டுக்கொண்டிருக்கிறது.

மருந்து எளிது. க்ளாக் வயரைக் கையால் ஒன்பது தடவை தட்ட வேண்டும். சென்சார் எட்டு பிட்டில் எங்கே மாட்டிக்கொண்டிருந்தாலும் ஒன்பது தட்டுக்குள் அந்த 'உள்ளேன் ஐயா' இடத்துக்கு வந்துவிடும். அங்கே யாரும் பதில் சொல்லாததால், கேட்க ஆளில்லை என்று புரிந்துகொண்டு கயிற்றை விட்டுவிடும். அப்போது இதை நானேதான் எழுதிச் சேர்த்தேன். 2013-லிருந்து கெர்னலே இதற்கு ஒரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறது. மாட்டிக்கொண்டவன் நான் ஒருத்தன் இல்லை என்று ஒரு ஆறுதல்.

வயரைக் குட்டையாக்கினோம். ஒன்பது தட்டைச் சேர்த்தோம். கடைசியாக அந்த ஒரு வரியைத் திருத்தினேன். சைபர் வந்தால் மைனஸ் 110. அதற்கும் மசியாவிட்டால் ஸ்கிரீனில் எண்ணுக்குப் பதில் மூன்று கோடு, கூடவே ஒரு அலாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருத்திய பெட்டியைப் பார்த்ததும் முதலில் வந்தது புகார்தான். "போன வாரம் நல்லாத்தானே காட்டிக்கிட்டிருந்துச்சு? இப்ப என்ன, நடுநடுவுல கோடு கோடா வருது?" பொய் சொன்ன டிரைவர் நல்ல பிள்ளை, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற டிரைவர் உருப்படாதது! மெக்கானிக் அண்ணன்தான் காப்பாற்றினார்.

"கோடு வந்தா போய்ப் பாக்கலாம் சார். நாலரை வந்தா யார் போய்ப் பாப்பா?"

டிரைவர் எழுதுவது பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னிடமும் ஒன்று உண்டு. அதன் முதல் பக்கத்தில் அவர் சொன்னதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.