எல்லோரும் ஒரே சர்வரில்

2019 நவம்பர். மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில் இந்தியர் பலர் மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். யாரும் தனி சர்வர் நடத்தலாம், சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பு. பலர் நுழைந்ததோ மாஸ்டடானை உருவாக்கிய ஓய்கன் ரோச்கோவின் மாஸ்டடான்.சோஷியல் சர்வரில்.

2023 மே மாதம் மாஸ்டடான் செயலியில் புதிதாகச் சேருபவர்களுக்கும் அதுவே முதல் தேர்வானது.

அதே மாதம் போலிக் கணக்குகள் அங்கே புகுந்து கிரிப்டோ விளம்பரம் தூவின. சில சிறு சர்வர்கள் அதனுடனான தொடர்பைத் தற்காலிகமாகத் துண்டிக்க, குற்றமற்றவர்களின் பதிவுகளும் தடைபட்டன. அத்தனை பெரிய சர்வரைத் துண்டிக்கத் தயங்கியவர்கள் குப்பையைச் சகித்தார்கள்.

குப்பை மட்டுமல்ல, மொழியும் சிக்கல்தான். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ மலையாளம் கலந்த தமிழில் ஒருவர் எழுதும் வசவை எங்கோ தொலைவிலிருந்து நடக்கும் சர்வர் எப்படி இனங்காணும்? உள்ளூர் சர்வரென்றால் நடத்துபவருக்கே அது புரியும். ஆனால் மாத வாடகையையும் பராமரிப்பையும் அவர்தான் சுமக்க வேண்டும்.